வாழ்வைக் குறிக்கும் வளையச் சிலுவை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் கலைந்துபோன பிறகு, எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கையில் முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டை. “ஃபாதர், இதை நான் கையால தொட மாட்டேன். நீங்களே வாங்கி, செபம் பண்ணி, கடல்ல போட்டுடுங்க” என்றார்.

முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளிச் சங்கிலி. அதில் ஒரு சிறிய பதக்கம். கீழ்ப்பாதியைப் பார்த்தால் சிலுவை. ஆனால், குறுக்குக் கட்டைக்கு மேலே நேராக நீள வேண்டிய பகுதி இல்லை. அந்த இடத்தில் ஒரு வட்ட வளையம். அந்த வளையத்துக்குள் கடுகளவில் இன்னொரு சிலுவை.

அது அவருடைய மகளின் பதக்கம். மகள் குவைத்தில் செவிலியராக வேலை செய்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். அதே வாரத்தில் அம்மாவின் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. இதே வடிவத்தின் படத்தைப் போட்டு, ‘இது சாத்தானின் சிலுவை, இதை வைத்திருக்கும் வீட்டில் சாவு விழும்’ என்று எழுதியிருந்ததாம். அந்த அம்மாவின் கணவர் முந்தைய ஆண்டுதான் மாரடைப்பால் இறந்திருந்தார். மகள் குளிக்கப் போன நேரத்தில் தலையணைக்கு அடியில் இருந்த சங்கிலியை எடுத்து வந்துவிட்டார். இரண்டு நாளாக அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. “என் வீட்டுக்காரர் போனதுக்கு இதுதான் காரணமா ஃபாதர்?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

அம்மா, மகள் இருவரின் சம்மதத்தோடுதான் இதை உங்களிடம் சொல்கிறேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நாம் எகிப்து நாட்டுக்குப் போய்வர வேண்டும். வாருங்கள், போவோம்.

எழுத்தாகத் தொடங்கிய அடையாளம்

அந்த வடிவத்திற்கு ‘அங்க்’ என்று பெயர். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே எகிப்தியர் அதைப் பயன்படுத்தினார்கள். அது சிலையோ, ஒரு தெய்வத்தின் உருவமோ அல்ல. அது ஓர் எழுத்து.

எகிப்தியரின் பழைய எழுத்து, சித்திர எழுத்து. பறவை, கண், நீரலை, கை என்று பொருள்களை வரைந்தே எழுதினார்கள். கண்ணால் காணும் பொருளை வரைந்துவிடலாம். காண முடியாத ஒன்றை எப்படி வரைவது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நம் மொழியில் ‘படி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டின் படியை வரைந்து, அதைப் ‘புத்தகத்தைப் படி’ என்ற பொருளில் வாசிக்கச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான். ஒரே ஒலியுள்ள வேறொரு பொருளின் படத்தை வரைந்து, தாங்கள் நினைத்த சொல்லை எழுதினார்கள்.

‘வாழ்வு’ என்பதற்கு எகிப்திய மொழியில் ‘அங்க்’ என்ற ஒலியுடைய சொல் இருந்தது. அதை எழுத எந்தப் பொருளின் படத்தை எடுத்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆங்கிலேய அறிஞர் ஆலன் கார்டினர், அது மிதியடியின் வார் என்றார். வாரின் சுற்றுதான் வளையம். அதில் கணுக்காலை நுழைத்துக்கொள்வார்கள். மிதியடி வாருக்கும் அதே ஒலியுள்ள சொல் உண்டு என்பது அவர் சொன்ன காரணம். துணியை முடிச்சுப் போட்ட வடிவம் என்று சொல்வோரும் உண்டு. எதுவாக இருந்தாலும், அன்றாட வாழ்வின் எளிய பொருள் ஒன்றிலிருந்துதான் அது பிறந்திருக்கிறது.

‘வாழ்வு’ என்பதோடு நிற்காமல், முகம் பார்க்கும் கண்ணாடிக்கும், மலர்க்கொத்துக்கும் இதே ஒலியுள்ள சொல்லை வைத்திருந்தார்கள். சிற்பியைக் குறிக்கும் சொல்லும் இதிலிருந்து வந்ததுதான்: ‘வாழச் செய்பவர்’ என்பது அதன் பொருள். அரசரின் பெயரை எழுதினால் அதன் பின்னே ‘வாழ்வு, வளம், நலம்’ என்று மூன்று சொற்களைச் சேர்ப்பார்கள். சாதாரண மக்களும் கடிதம் எழுதும்போது இதே வாழ்த்தை எழுதினார்கள். நாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதியது போல.

ஆகவே, அன்புக்குரியவர்களே, சாவைக் கொண்டுவரும் சின்னம் என்று அந்த அம்மாவுக்கு வந்த செய்தி, முதல் வரியிலேயே தவறு. அந்த எழுத்துக்குப் பொருள் ‘வாழ்வு’.

மூக்கருகே நீட்டப்பட்ட வாழ்வு

எகிப்தின் கோவில் சுவர்களில் இந்த அடையாளம் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களுடைய தெய்வங்கள் இதை வளையத்தில் பிடித்துக் கையில் தொங்கவிட்டிருக்கும். சில காட்சிகளில் தெய்வம் இதை அரசரின் மூக்கருகே நீட்டும். மூச்சு வழியாக வாழ்வு உள்ளே போகிறது என்பது கருத்து.

இதைக் கேட்டதும் உங்களுக்குத் தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வரும். ஆண்டவராகிய கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி, அவன் நாசிகளில் உயிர்மூச்சை ஊதினார் என்று அங்கே வாசிக்கிறோம். வாழ்வு நாமே உண்டாக்கிக்கொண்டது அல்ல, மேலிருந்து பெற்றுக்கொண்டது என்பதை நைல் நதிக்கரை மக்களும் தங்கள் வழியில் உணர்ந்திருந்தார்கள்.

இன்னொரு காட்சி. கோம் ஓம்போ என்ற ஊரின் கோவிலில், தாலமி அரசர் ஒருவர் நடுவில் நிற்கிறார். இருபுறமும் இரண்டு தெய்வங்கள் குடங்களைச் சாய்த்து அவர் தலைமேல் நீர் ஊற்றுகின்றன. அந்த நீரைச் சிற்பி கோடு கோடாகச் செதுக்கவில்லை. ‘அங்க்’ எழுத்துகளையும், ஆற்றலைக் குறிக்கும் செங்கோல் எழுத்துகளையும் சங்கிலிபோலக் கோத்துச் செதுக்கியிருக்கிறார். அரசர்மேல் கொட்டுவது தண்ணீர் மட்டுமல்ல, வாழ்வு என்கிறது அந்தச் சிற்பம். முன்பு நாம் பார்த்த ஆலன் கார்டினர், இதே போன்ற காட்சிகளைப் பற்றிய தம் ஆய்வுக்குப் ‘பார்வோனின் திருமுழுக்கு’ என்றே தலைப்பு வைத்தார்.

ஆனால், இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சுவர்களில் வாழ்வைப் பெறுபவர் யார்? அரசர்தான். அக்கெனாதன் என்ற பார்வோன் கி.மு. 14ஆம் நூற்றாண்டில், பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு, சூரிய வட்டத்தை மட்டும் வழிபட்டவர். அவர் காலத்துச் சிற்பங்களில் சூரியனின் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய கையாக முடிகின்றன. அந்தக் கைகள் ‘அங்க்’ அடையாளத்தை அரசரின் மூக்குக்கும் அரசி நெஃபர்டீட்டியின் மூக்குக்கும் மட்டுமே நீட்டுகின்றன. அருகில் பணியாளர்கள் குனிந்து நிற்பார்கள். வெயில் அவர்கள் முதுகிலும் விழத்தான் செய்தது. ஆனால், வாழ்வின் அடையாளம் அவர்கள் பக்கம் நீட்டப்படவில்லை.

அந்த அரசருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்த சிறுவனின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்: துட்டன்காமுன். பிரித்துச் சொன்னால் துட் - அங்க் - ஆமுன். ‘ஆமுன் தெய்வத்தின் உயிருள்ள சாயல்’ என்று பொருள். பெயரின் நடுவிலேயே ‘அங்க்’ இருக்கிறது. 1922ஆம் ஆண்டு ஹோவர்டு கார்ட்டர் அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளே தங்கமும் தந்தமும் குவிந்து கிடந்தன. ‘அங்க்’ வடிவத்திலேயே செய்த, பொன்தகடு வேய்ந்த கண்ணாடிப் பேழை ஒன்றும் இருந்தது. திறந்து பார்த்தால், கண்ணாடி இல்லை. பழங்காலத்திலேயே கல்லறைக்குள் புகுந்த திருடர்கள் எடுத்துச் சென்றிருக்க வேண்டும். வாழ்வு என்ற எழுத்தின் வடிவில் ஒரு பெட்டி, உள்ளே வெறுமை.

பெயரில் வாழ்வைச் சுமந்த அந்த அரசர், ஏறத்தாழ 19 வயதில் இறந்துபோனார். அவருடைய கல்லறையில் இரண்டு சின்னஞ்சிறு சவப்பெட்டிகளும் கிடைத்தன. பிறக்குமுன்னே அல்லது பிறந்த உடனே இறந்த இரண்டு பெண் சிசுக்கள். அவர்கள் அவருடைய பிள்ளைகள் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அரண்மனையில் இருந்தாலும் அவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்தான். அந்தத் துயரத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களிலும் இருப்பீர்கள்.

எகிப்தியர் சாவை விரும்பியவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பதப்படுத்திய உடல்களும் பிரமிடுகளும் அப்படி நினைக்க வைக்கின்றன. உண்மையில் அவர்கள் வாழ்வை அளவுக்கு மீறி நேசித்தவர்கள். அதனால்தான் சாவை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் அவ்வளவு கல்லை அடுக்கினார்கள். அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. அதை நிறைவேற்ற அந்த எழுத்துக்குச் சக்தி இல்லை.

இப்போது தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். எகிப்தில் அரசர் ஒருவரே தெய்வத்தின் உயிருள்ள சாயல். நம் மறைநூலிலோ ஆணும் பெண்ணுமாக மனிதர் எல்லாருமே கடவுளின் சாயல். செங்கல் அறுத்த அடிமையும் சாயல், அவனுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தவளும் சாயல். இது எவ்வளவு பெரிய புரட்சி!

நம் விவிலியத்தில் மறைந்திருக்கும் ‘அங்க்’

இந்தச் சொல் நம்முடைய விவிலியத்திலேயே இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். சகோதரர்களால் விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பை, பார்வோன் ஆளுநராக உயர்த்தியபோது அவருக்கு ஓர் எகிப்தியப் பெயர் சூட்டினான். தொடக்க நூல் 41ஆம் அதிகாரம் 45ஆம் வசனத்தில் அந்தப் பெயரைக் காணலாம். நாம் வாசிக்கும்போது நாக்குத் தடுக்கும் அந்த நீண்ட பெயரின் கடைசிப் பகுதியில் ‘அங்க்’ என்ற சொல் இருப்பதாக எகிப்திய மொழி அறிஞர் பலர் சொல்கிறார்கள். ‘கடவுள் பேசுகிறார், அவர் வாழ்கிறார்’ என்பது போன்ற பொருளை அதற்குத் தருகிறார்கள்.

அந்தப் பெயருக்கு யோசேப்பு எப்படிப் பொருள் கொடுத்தார்? கழுத்தில் ஏதோ ஒன்றைத் தொங்கவிட்டு அல்ல. ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் களஞ்சியங்களைத் திறந்து, எகிப்தியருக்கும் அயலாருக்கும், தன்னை விற்ற சகோதரருக்கும் தானியம் கொடுத்தார். உயிர்களைக் காக்கவே கடவுள் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார் என்ற கருத்தில் அவர் தம் சகோதரரிடம் பேசியதை 45ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வாழ்வு தன் பெயரில் இருப்பது பெரிதல்ல. தன் கையால் பிறருக்குப் போய்ச் சேர வேண்டும்.

அலெக்சாந்திரியாவில் நடந்தது

நற்செய்தியாளர் புனித மாற்கு அலெக்சாந்திரியாவில் நற்செய்தி அறிவித்தார் என்பது மரபு. நான்காம் நூற்றாண்டுக்குள் எகிப்தில் கிறிஸ்தவம் வேரூன்றிவிட்டது. புனித அந்தோணியார் பாலைநிலத்தில் துறவு வாழ்வைத் தொடங்கியதும், புனித அத்தனாசியார் நம்பிக்கையைக் காத்ததும் அந்த மண்ணில்தான்.

கி.பி. 391ஆம் ஆண்டளவில், அலெக்சாந்திரியாவில் செராப்பிஸ் தெய்வத்தின் பெரிய கோவில் இடிக்கப்பட்டது. அந்த நாள்கள் நாம் பெருமையோடு பேசக்கூடியவை அல்ல. இரு தரப்பிலும் வெறி இருந்தது, இரத்தமும் சிந்தப்பட்டது. ஆனால், அப்போது நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சியை, அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த திருஅவை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் எழுதி வைத்திருக்கிறார். இவர் ஏதென்சு நகர மெய்யியலாளர் அல்ல, கான்ஸ்டாண்டிநோபிளைச் சேர்ந்த வேறொருவர்.

கோவிலை இடித்தபோது, கற்களில் சிலுவை போன்ற எழுத்துகள் காணப்பட்டன. கிறிஸ்தவர்கள் ‘இது எங்கள் அடையாளம்’ என்றனர். மற்றவர்கள் ‘இது எங்களுடையது’ என்றனர். பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்து, கிறிஸ்தவர்களாக மாறியிருந்த சிலர் முன்வந்து, அந்த எழுத்துக்கு ‘வரவிருக்கும் வாழ்வு’ என்று பொருள் என விளக்கினார்கள். அதைக் கேட்ட பலர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று அவர் எழுதுகிறார்.

அந்த வரலாற்றாசிரியர் அத்தோடு நிற்கவில்லை. எகிப்தின் பழைய பூசாரிகள் கிறிஸ்துவை முன்கூட்டியே அறிந்துதான் இதைச் செதுக்கினார்கள் என்று தாம் நினைக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறார். பிறகு, திருத்தூதர் பவுல் ஏதென்சு நகரில் செய்ததை நினைவூட்டுகிறார். திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம்: அறியாத தெய்வத்துக்கு என்று எழுதியிருந்த பீடத்தைப் பவுல் பார்க்கிறார். அதை உடைக்கச் சொல்லவில்லை. நீங்கள் அறியாமல் தேடுபவரைத்தான் நான் அறிவிக்கிறேன் என்ற பொருளில் அங்கிருந்தே பேசத் தொடங்குகிறார். எகிப்தியரின் எழுத்தும் அப்படி ஒரு தொடக்கப் புள்ளிதான்.

சிலுவையில் எழுதிய சொல்

இதன் முக்கியத்துவத்தை நாம் உணர, ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். முதல் நூற்றாண்டுகளில் சிலுவை என்றால் அவமானம். அது கொலைக்கருவி. கழுத்தில் யாரும் அதை அணியவில்லை. கோவில் சுவரில் வரைவதும் அரிது. அப்படிப்பட்ட காலத்தில், எகிப்துக் கிறிஸ்தவர்களிடம் மட்டும் ஓர் அரிய வாய்ப்பு இருந்தது. அவர்களுடைய மூதாதையர் மொழியில், சிலுவையைப் போன்ற வடிவத்துக்கு ‘வாழ்வு’ என்று பொருள் இருந்தது. சாவின் கருவி வாழ்வைத் தந்தது என்ற நம் மீட்பின் மறைபொருளை, அவர்கள் ஒரே கோட்டோவியத்தில் எழுதிவிடலாம்.

அப்படித்தான் எழுதினார்கள். இலத்தீனில் இதைக் ‘குருக்ஸ் ஆன்சாத்தா’, அதாவது கைப்பிடியுள்ள சிலுவை என்பார்கள். பழைய எகிப்திய எழுத்தில் வளையம் நீர்த்துளி போல நீண்டிருக்கும். கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அதை வட்டமாக வரைந்தார்கள். கல்லறைக் கற்களிலும், நெய்த துணிகளிலும் அதைக் காணலாம். சில கற்களில் வளையத்துக்குள் இன்னொரு சிறிய சிலுவையும் இருக்கும்.

எகிப்தின் கார்கா பாலைவனச் சோலையில் பகவாத் என்னும் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மண்செங்கல்லால் கட்டிய 263 சிற்றாலயங்கள் அங்கே உள்ளன. அங்கும் இந்த வளையச் சிலுவை தீட்டப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றுக்கு ‘விடுதலைப் பயணச் சிற்றாலயம்’ என்று பெயர். மோசே இஸ்ரயேல் மக்களை எகிப்திலிருந்து நடத்திச் செல்வதும், பார்வோனின் படை துரத்தி வருவதும் அதன் கூரையில் ஓவியமாக இருக்கின்றன. வரைந்தவர்கள் எகிப்தியர்கள்! ஆனால், தங்கள் நாட்டு அரசரின் பக்கம் நின்று அவர்கள் வரையவில்லை. தப்பி ஓடும் அடிமைகளின் பக்கம் நின்று வரைந்தார்கள். அவர்கள் தங்கள் மூதாதையரின் எழுத்தை வைத்துக்கொண்டார்கள்; அந்த மூதாதையரின் அரச பயத்தை விட்டுவிட்டார்கள்.

நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையுள்ள ஒரு கையெழுத்து நூல் இருக்கிறது. எகிப்துக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில் எழுதப்பட்ட திருத்தூதர் பணிகள் அது. அதில் ஒரு முழுப் பக்கத்துக்கு, பின்னல் வேலைப்பாட்டோடு வண்ணத்தில் தீட்டிய வளையச் சிலுவையும், சுற்றிலும் பறவைகளும் இருக்கின்றன.

இன்னும் வியப்பு என்னவென்றால், எழுத்து மறைந்த பிறகும் சொல் மறையவில்லை. சித்திர எழுத்தில் தேதியோடு எழுதப்பட்ட கடைசிக் கல்வெட்டு, கி.பி. 394ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஃபிலே தீவுக் கோவிலில் செதுக்கப்பட்டது. அதற்குப் பின் அந்த எழுத்தை வாசிக்க ஆளில்லாமல் போனது. ஆனால், காப்டிக் கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டில் அந்தப் பழைய மொழியின் கடைசி வடிவத்தைக் காப்பாற்றி வைத்தார்கள். அதில் ‘வாழ்வு’ என்பதற்கு ‘ஓன்க்’ என்று சொல்கிறார்கள். ‘அங்க்’தான் ‘ஓன்க்’ ஆகியிருக்கிறது. 1822ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் சித்திர எழுத்தின் பூட்டைத் திறக்க, அவர் கற்றிருந்த இந்தக் காப்டிக் மொழிதான் பெரிதும் உதவியது. அவர் ஆராய்ந்த ரொசெட்டா கல்லில், தாலமி அரசரின் பெயரோடு ‘என்றும் வாழ்பவர்’ என்ற பட்டமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த அரசர் சுமார் 30 வயதில் இறந்துபோனார்.

அரசர்கள் போய்விட்டார்கள். யோவான் நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மை வாழ்வு என்று அறிவிக்கும் பகுதியைக் காப்டிக் மொழியில் வாசிக்கும்போதெல்லாம், பார்வோன்களின் பெயரில் ஒலித்த அந்தச் சொல் இன்றும் ஒலிக்கிறது. பட்டமாக அரசர்களுக்குச் சூட்டிய சொல், உரியவரிடம் வந்து சேர்ந்தது.

அப்படியானால் நாம் அணியலாமா?

இங்கே நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு வடிவத்துக்குத் தானாக நல்ல சக்தியோ தீய சக்தியோ கிடையாது. அதை அணிகிறவர் எதை நம்பி அணிகிறார் என்பதே கேள்வி. இன்று இந்த ‘அங்க்’கைச் சிலர் வெறும் அழகுக்காக அணிகிறார்கள். வேறு சிலர் இது ஆற்றலை இழுத்துக் கொடுக்கும், திருஷ்டியைத் தடுக்கும் என்று விற்கிறார்கள். அந்த எண்ணத்தில் வாங்கி அணிந்தால், அது தாயத்து. தாயத்து அணிவது கண்டனத்துக்குரியது என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2117ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது.

ஆனால், அதே மறைக்கல்வியின் 2111ஆம் எண் நம்மையும் கேள்வி கேட்கிறது. உள்ளத்தில் மனமாற்றம் இல்லாமல், செபத்தின் வெளிச்செயலே பலன் தரும் என்று நம்புவதும் மூடநம்பிக்கையே என்கிறது அது. வண்டியில் செபமாலையைத் தொங்கவிட்டுவிட்டுத் தலைக்கவசம் இல்லாமல் பறக்கிறோமே, அது என்ன? உத்தரியத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சொந்தத் தம்பியோடு பத்து ஆண்டாகப் பேசாமல் இருக்கிறோமே, அது என்ன? நேரான சிலுவையையும் நாம் தாயத்தாக மாற்றிவிட முடியும். எகிப்தியர் ஓர் எழுத்தைச் சிலுவையாக்கினார்கள். நாம் சிலுவையை வெறும் எழுத்தாக்கிவிடக் கூடாது.

கி.பி. 601ஆம் ஆண்டில், ஆங்கிலேயரின் நாட்டுக்குச் சென்ற மறைப்பணியாளர்களுக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் எழுதிய கடிதத்தில் ஒரு நல்ல வழிகாட்டுதல் உண்டு. சிலைகளை அகற்றுங்கள், ஆனால், கோவில்களை இடிக்காதீர்கள், புனித நீர் தெளித்து உண்மைக் கடவுளின் வழிபாட்டுக்குப் பயன்படுத்துங்கள் என்ற கருத்தில் எழுதினார். எதை விடுவது, எதைத் தூய்மைப்படுத்தி ஏற்பது என்று பிரித்தறிவதுதான் திருஅவையின் வழி. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைப் பார்த்து அஞ்சி ஓடுவது அதன் வழி அல்ல. அச்சம் நம்மை வழிநடத்தத் தொடங்கினால், நாம் மீண்டும் தாயத்துக்காரர்களாகிவிடுவோம்; அணியும் தாயத்துக்குப் பதில், அணியாத தாயத்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் சொன்னது

அன்று மாலை அந்தப் பதக்கத்தை நான் கடலில் போடவில்லை. “அம்மா, நாளைக்கு மகளையும் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்” என்றேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். அம்மா ஒரு நாற்காலியில், மகள் தள்ளி இன்னொரு நாற்காலியில். “இது உனக்கு எப்படிக் கிடைச்சதும்மா?” என்று மகளிடம் கேட்டேன். அவர் தலை குனிந்தபடியே சொன்னார்: “அப்பா இறந்த செய்தி வந்த அன்னிக்கு ராத்திரி எனக்கு டியூட்டி ஃபாதர். அடக்கத்துக்கு வர்றதுக்கு லீவு கிடைக்கல. என்கூட வேலை செய்யற எகிப்து நாட்டு அக்கா, காப்டிக் கிறிஸ்தவங்க, ராத்திரி முழுக்க என்கூடவே உட்கார்ந்திருந்தாங்க. விடியற நேரத்துல தன் கழுத்துல இருந்ததைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, ‘உங்க அப்பா சாகல, வாழ்வுக்குள்ள போயிருக்கார்’னு சொன்னாங்க. அம்மாகிட்ட இதைச் சொன்னா மறுபடியும் அழுவாங்கன்னு நான் சொல்லல.”

அந்த அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. தன் கணவரின் சாவுக்குக் காரணம் என்று அவர் அஞ்சிய பதக்கம், அந்தச் சாவுக்குப் பிறகு, மகளின் துயரத்தில் பங்குகொண்ட ஒருவர் கொடுத்தது. அது முன்பே மகளிடம் இருந்திருந்தாலும், ஒரு வெள்ளித்துண்டு யாருடைய மூச்சையும் நிறுத்திவிடாது. பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கையே ஒதுக்கிவிட்டார் என்பதை யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரம் சொல்கிறது. சாவு வந்த வீட்டில் காரணம் தேடிக் குற்றவாளியைப் பிடிக்க முயல்வது, ஏற்கெனவே உடைந்த மனத்தை மேலும் உடைக்கும்.

அந்த எகிப்துச் சகோதரியின் இனத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்டிக் கிறிஸ்தவர்கள் பலர் தங்கள் மணிக்கட்டில் சிறு சிலுவையைப் பச்சை குத்திக்கொள்வார்கள். 2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பிழைப்புக்காக லிபியா நாட்டுக்குப் போயிருந்த 20 காப்டிக் தொழிலாளர்களும், அவர்களோடு கானா நாட்டைச் சேர்ந்த ஒருவரும் கடற்கரையில் கொல்லப்பட்டார்கள். இயேசுவின் பெயரை உச்சரித்தபடியே இறந்தார்கள். 2023ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த 21 பேரையும் உரோமை மறைசாட்சியர் பட்டியலில் சேர்த்தார். நம் பிள்ளைகளைப் போலவே வீட்டுக்குப் பணம் அனுப்ப வெளிநாடு போனவர்கள் அவர்கள். தங்கள் உடலில் இருந்த சிலுவையைக் காப்பு என்று அவர்கள் நினைக்கவில்லை. அது அவர்களைச் சாவிலிருந்து காப்பாற்றவும் இல்லை. சாவைக் கடந்த வாழ்வு ஒன்று இருக்கிறது என்பதற்கு அவர்கள் அதைச் சாட்சியாக வைத்திருந்தார்கள்.

அன்புக்குரியவர்களே, கோவில் சுவர்களில் அரசர் ஒருவரின் மூக்கருகே மட்டும் நீட்டப்பட்ட அந்த வாழ்வு, நம் திருமுழுக்கில் நம் ஒவ்வொருவர்மேலும் ஊற்றப்பட்டது. மீனவர், கூலி வேலை செய்பவர், வெளிநாட்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் என்று யாரையும் விட்டுவிடவில்லை. நம் ஆண்டவர் வந்தது எல்லாரும் வாழ்வை நிறைவாகப் பெறுவதற்காக. அதைப் பெற்ற நாம், யாராவது துயரத்தில் இருக்கும் இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த வாழ்வு அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.

அன்று அவர்கள் புறப்படும்போது, நான் மேசைமேல் வைத்திருந்த சங்கிலியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குட்டையில் முடியவில்லை. எழுந்து போய், மகளின் பின்னால் நின்று, கொண்டையைச் சற்று விலக்கிவிட்டு, அவரே கொக்கியை மாட்டிவிட்டார்.

வாழ்வின் ஊற்றாகிய இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.